வழிகாட்டிக் கடதாசி இல்லாத பை

புதிதாக வாங்கிய பொருளோடு வரும் விளக்கக் கடதாசியை முதல் வேலையாகக் குப்பைக் கூடையில் எறிபவர்கள் நம்மிற் பலர். பின்னர், பொருள் இயங்காத வேளையில் அதே கூடையைக் கிளறுபவர்களும் நாமேதாம். கிளறுவதற்குக் கூடையும் இல்லை, கடதாசியும் இல்லை என்றால் என்ன செய்வது? சென்ற கோடையில் எமக்கு அந்தச் சோதனை வந்தது.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், ஒமாகா நகரிலே மகள் வீட்டில் தங்கியிருந்தோம். அயல் வீட்டார் தமது பழம் பொருள்களை வாசலில் பரப்பி விற்றார்கள். பத்து வயதுப் பேரன் அங்கே ஒரு டொலர் கொடுத்து ஒரு பையை வாங்கி வந்தான். உள்ளே இருந்தவை: ஓர் அடி நீளமான கடதாசிக் குழாய், பிளாஸ்டிக் மூக்குக் கூம்பு, பால்சா மரத்தில் வெட்டிய மூன்று செட்டைகள், ஒரு குட்டைக் குழாய், மூன்று வளையங்கள், ஒரு கம்பிக் கொளுக்கி, றப்பர் நாடா, மடித்த மெல்லிய பிளாஸ்டிக் தாள், நூல், சோடா உறிஞ்சும் குழல் போன்ற ஒரு துண்டு. மாதிரி ரொக்கட் செய்யப் பழகுவோருக்கான பொருள் அது. எப்படிச் செய்வது என்று சொல்லும் கடதாசி மட்டும் இல்லை.

“பெயர் தெரிந்தாலாவது கைத்தொலைபேசியில் தேடி எடுக்கலாம், மாமா. மேலட்டையையே காணோமே!” என்றார் மருமகன்.

“அம்மப்பாவும் நானும் கண்டுபிடிப்போம்” என்றான் பேரன். எமது பெயர் இழுக்கப்பட்டு விட்டது. மறுக்க முடியுமா? கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு மேசைக்குப் போனோம்.

இந்தப் பொழுதுபோக்குப் பிறந்ததும் அதே நெப்ராஸ்காவில்தான். 1954ஆம் ஆண்டில் நோர்போக் என்னும் பட்டினத்தில் பாதணிக்கடை வைத்திருந்த ஓர்வில் கார்லைல் என்பவர், கடதாசியும் மரமும் கொண்டு ஒரு சிறு ரொக்கட்டை அமைத்தார். வாணவேடிக்கையில் ஈடுபாடு கொண்டவர் அவர். அவருடைய சகோதரர் மாதிரி விமானங்களில் ஆர்வமுடையவர். எரிந்து முடிந்த மோட்டரைக் கழற்றிப் புதிய மோட்டர் இடலாம், ரொக்கட் பரசூட்டில் இறங்கும், மீண்டும் பறக்கும். அக்காலத்தில் அமெரிக்கச் சிறுவர் பலர் உலோகக் குழாய்களில் வெடிமருந்தை அடைத்துத் தாமும் ரொக்கட் விட முயன்றனர். விரலும் கண்ணும் இழந்தவர்கள் உண்டு. ஹரி ஸ்டைன் என்ற ரொக்கட் நிபுணர் அந்த ஆபத்தைக் குறித்து எழுதியதைப் படித்த கார்லைல், தமது கடதாசி ரொக்கட்டை அவருக்கு அனுப்பி வைத்தார். சிறுவர் கைக்கு ஏற்ற மாதிரி ரொக்கட் அவ்வாறு கடைக்கு வந்தது.

நாம் மேற்கொண்ட முறை எளியது. ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்து, “நீ என்ன வேலைக்கு வந்தாய்?” என்று கேட்டோம். பதினெட்டு மில்லிமீற்றர் மோட்டர் இறுக்கமின்றிப் போகும் அளவிலே குட்டைக் குழாய் இருந்தது. ஆகவே அது மோட்டரின் இருப்பிடம். அதைப் பெரிய குழாயின் நடுவே நிறுத்துவதற்கு இரண்டு வளையங்கள். மோட்டர் உதைக்கும்போது மேலே ஏறிப் போகாமல் தடுப்பது மூன்றாவது வளையம். பின்னால் கழன்று விழாமல் பிடிப்பது கொளுக்கி. மூக்குக் கூம்பும் உடலும் பிரிந்தபின் ஒன்றாக இறங்கும்படி பிணைப்பது றப்பர் நாடா. மெல்லிய தாளும் நூலும் பரசூட். உறிஞ்சு குழல் போன்ற துண்டு, ஏவுகோலிற் கோத்து நேரே வழுக்கி ஏறுவதற்கு.

மூன்று செட்டைகளையும் சம தூரத்தில் ஒட்டுவது எப்படி? ஒரு கடதாசி நாடாவைக் குழாயைச் சுற்றி வைத்து அளந்து, அந்த நீளத்தை மூன்றாக மடித்தோம். மீண்டும் சுற்றி, மடிப்பு விழுந்த இடங்களிற் குறியிட்டோம். உருண்டைக் குழாயில் நேர்கோடு போடுவதற்குப் பேரன் ஒரு வழி கண்டான். கதவு நிலையின் மூலையிலே குழாயைப் படுக்க வைத்தால் நிலையின் விளிம்பே அடிமட்டம் ஆகிவிடுகிறது.

இவ்வளவும் நன்றாகவே நடந்தன. பிழை விட்டது நாம்.

செட்டைகளை வாலின் ஓரத்தில் ஒட்டப் போனான் பேரன். “நில், அங்கேதான் நெருப்பு வரும், மரம் கருகிவிடும். மூன்று அங்குலம் மேலே ஒட்டு” என்றோம்.

“மீனுக்கு வால் வாலில்தானே இருக்கு, அம்மப்பா?”

“மீனின் வாலில் நெருப்பு இல்லை” என்று வாயடைத்தோம். பெரியவர் சொல் வென்றது. செட்டைகள் மேலே ஏறின.

பசை காய்ந்தபின் மருமகன் ஒரு சோதனையைச் சொன்னார். பற்றவைக்கும் கம்பி இல்லாமல் புதிய மோட்டரை உள்ளே வைக்க வேண்டும். ரொக்கட் சரியாமல் சமநிலையில் தொங்கும் இடத்தில் நூலைக் கட்டி, ஏழெட்டு அடி நூலில் தலைக்கு மேலே சுழற்ற வேண்டும். மூக்கை முன்னே நீட்டிக்கொண்டு அது வட்டமிட்டால் வானிலும் நேரே போகும்.

எமது ரொக்கட் தாறுமாறாகப் புரண்டது. ஒரு சுற்றில் வால் முன்னே வந்தது. “காற்று அடிக்கிறது” என்றோம். வீட்டுச் சுவரின் மறைவிலே நின்று திரும்பவும் சுழற்றினான். அங்கே காற்று இல்லை. ரொக்கட் அப்போதும் புரண்டது. பேரன் ஒன்றும் சொல்லவில்லை. எம்மைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

காரணம் இதுதான். ரொக்கட்டின் நிறை ஒன்றுகூடும் புள்ளி ஈர்ப்பு மையம். பக்கவாட்டில் மோதும் காற்றின் விசைகள் ஒன்றுகூடும் புள்ளி அமுக்க மையம். ஈர்ப்பு மையம் மூக்கின் பக்கமாக, குறைந்தது குழாயின் ஒரு விட்ட அளவாவது முன்னே இருக்க வேண்டும். அப்போதுதான் சாயும் ரொக்கட்டைக் காற்றே வாலிற் பிடித்து நேராக்கும். செட்டைகள் வாலில் இருப்பது அமுக்க மையத்தைப் பின்னே இழுப்பதற்காக. நாம் அவற்றை மேலே ஏற்றி அந்த மையத்தையும் மேலே ஏற்றிவிட்டோம். அப்படியே ஏவியிருந்தால், கோலை விட்டதும் ரொக்கட் திரும்பி, பதினைந்தடி தூரத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்துக்கே வந்திருக்கலாம்.

“பிழை எம்முடையது. நீ சொன்ன இடமே சரி” என்றோம். அறுபது வயதுக்கு மேல் இந்த வாக்கியத்தைச் சொல்வதற்குச் சிறிது பயிற்சி வேண்டியிருக்கிறது!

செட்டைகளைக் கத்தியால் மெல்லப் பெயர்த்தபோது குழாயின் தோலும் கூடவே உரிந்தது. பேரன் கடதாசி ஒட்டி அதைச் சீர்செய்தான். செட்டைகள் வாலுக்கு வந்தன. இம்முறை ரொக்கட் மூக்கை நீட்டிக்கொண்டு அழகாக வட்டமிட்டது.

எதையும் ஊகித்துச் செய்த எம்மை ஓரிடத்தில் மருமகன் நிறுத்தினார், அது மோட்டர். அதைக் கடையில் வாங்கிய உருவிலேயே பயன்படுத்த வேண்டும். திறக்கவோ மருந்தைத் தொடவோ கூடாது. அதன்மேல் ‘ஏ 8-3’ என்று பொறித்திருந்தது. ‘ஏ’ என்பது மொத்த வலு. இரண்டரை நியூற்றன் செக்கனுக்கு மேற்படாதது. ‘8’ என்பது சராசரி உதைப்பு, நியூற்றனில். ‘3’ என்பது எரிந்து முடிந்தபின் பரசூட்டைத் தள்ளும் மருந்து பற்றுவதற்கு இடையே செல்லும் செக்கன்கள். அந்தச் சூட்டிலே பரசூட் உருகாதபடி, தீப்பற்றாத தாளைக் கசக்கி இடையில் வைக்க வேண்டும். பற்றவைப்பது மின்சாரத்தால், பதினைந்தடிக்கு அப்பால் நின்று. பற்றாவிட்டால் இணைப்பைத் துண்டித்து, ஒரு நிமிடம் கழிந்த பின்னரே அருகிற் போகலாம். இவை அந்நாட்டு ரொக்கட் சங்கத்தின் விதிகள்.

ஒரு ஞாயிறு காலை, காற்று அடங்கிய விளையாட்டு மைதானம். பேரன் ஐந்திலிருந்து கீழே எண்ணினான். சீறல் ஒன்று கேட்டது. கோலில் ரொக்கட் இல்லை. நிமிர்ந்து தேடுவதற்குள் வெண்புகைக் கோடு ஒன்று உயரே நின்றது. பின்னர் ‘டப்’ என்றொரு சிறு ஓசை, பரசூட் விரிந்தது. இறங்கியபோது ஒரு செட்டை கழன்றிருந்தது. தோலுரிந்த அதே இடம். நாம் செய்வித்த பிழையின் தழும்பு.

அன்று மாலை பேரன் ஒரு தாளை எடுத்து, படம் போட்டு, இலக்கமிட்டு, இந்த ரொக்கட்டைக் கட்டும் முறையை எழுதினான். ஆங்கிலத்தில் எழுதிய அதன் ஐந்தாம் விதியின் பொருள் வருமாறு: “செட்டைகளை வாலில் ஒட்டவும். உங்கள் அம்மப்பா வேறு இடம் சொன்னால், முதலில் நூலிற் கட்டிச் சுழற்றிக் காட்டவும்.”

கழன்ற செட்டையை ஒட்டுவதற்குப் பசையோடு உட்கார்ந்தோம். ஐந்தாம் விதியை எமக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்துவிட்டான்.