விசா மறுப்பா? புரோக்கரிடம் ஓடாதீர்!

மகன் அமெரிக்காவில். பேரன் முகம் பார்க்கத் திருவட்டாறிலிருந்து தாய் புறப்படுகிறார். 700 கிலோ மீட்டர் தாண்டி சென்னை ஜெமினி பாலம் அருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கால்கடுக்கக் காத்திருக்கிறார். சில நிமிடக் கேள்வி. கையில் ஒரு காகிதம்: விசா இல்லை!

"எனக்க பேரனைப் பாக்க இம்புட்டுப் பாடா?" என்று குமுறுவது நியாயமே.

சட்டம் என்ன?

1952-ம் ஆண்டு அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு. சுற்றுலா விசா கேட்பவர் அங்கேயே தங்கிவிட வருகிறார் என்றுதான் அதிகாரி முதலில் எண்ண வேண்டும். "திரும்பி வருவேன்" என்று காட்டுவது கேட்பவர் பொறுப்பு. மகனின் சம்பளச் சீட்டு மட்டும் எடுபடாது. தாய்க்கு ஊரில் உள்ள பிடிப்புதான் பேசும். வீடு, ரப்பர் தோட்டம், பென்ஷன், இங்குள்ள மற்றப் பிள்ளைகள்.

அப்பீல் கிடையாது. மறுபடி மனுப் போடலாம். ஆனால் 2023-ல் 185 டாலராக உயர்ந்த கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. அதே கதையோடு போனால் பணம் தண்டம். காசு வாங்குகிறவர்கள் காரணத்தைத் தெளிவாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

புரோக்கர் வலை

"நான் முடிச்சுத் தாறேன்" என்று புரோக்கர் வருவது இந்த நேரத்தில்தான். போலிக் கணக்கு காட்டுவார். பழைய மறுப்பை மறைப்பார். பிடிபட்டால் ஆயுள் முழுக்கத் தடை வரலாம்!

பிள்ளைகளே, மனுவில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். ஏன் போகிறார், எப்போது திரும்புவார் என்பதைத் தாயே தமிழில் சொல்லட்டும்.

பேரனைச் சில மாதம் தள்ளிப் பார்க்கலாம். பொய் சொன்னால் பார்க்கவே முடியாது!