எலிக்குச் சுகம் வந்த கதை

லா சப்பலில் மரக்கறி வாங்க நிற்கும்போதும் சீனி வருத்தம் பற்றிய பேச்சு வந்துவிடும். "எலிக்கு மாறிவிட்டதாமே, இனி ஊசி தேவையில்லையாமே" என்பார் ஒருவர். அருகில் நிற்பது முதலாம் வகை நீரிழிவு உள்ள பிள்ளையின் தாயாக இருந்தால், அது வெறும் பேச்சாகப் போய்விடாது. ஆகவே அந்த எலியின் கதையை நாம் முழுமையாக அறிவது நல்லது.

முதலாம் வகை நீரிழிவு இனிப்புத் தின்பதால் வருவதல்ல. உடலைக் காக்க வேண்டிய 'டி' கலங்களே சதையியில் இன்சுலின் சுரக்கும் கலங்களை அழிக்கின்றன. டி கலத்தின் மேற்பரப்பில் ஓர் ஏற்பியும், அதனோடு சேர்ந்து 'சிடி3' என்ற புரதமும் உள்ளன. அந்த ஒரே இடத்தை இனங்கண்டு ஒட்டும்படி தயாரிக்கப்படுவதுதான் மொனோகுளோனல் பிறபொருளெதிரி. ஒளிரும் சாயம் சேர்த்தால் அது டி கலங்களைக் காட்டிக்கொடுக்கும். உடலில் செலுத்தினால் அவற்றை அடக்கவும் கூடும்.

இதை எலிகளில் செய்து காட்டியது எமது பரிஸ் நகரிலேதான். லா சப்பலில் 2ஆம் இலக்க மெத்ரோ ஏறி, பிளாஸ் து கிளிஷியில் 13க்கு மாறினால் நெக்கேர் வைத்தியசாலைக்குப் போய்விடலாம். அங்கு லூசியேன் ஷாத்னூ, ஜோன்-பிரான்சுவா பாக் குழுவினர், நீரிழிவு புதிதாகத் தொடங்கிய எலிகளுக்கு ஐந்து நாட்கள் இந்த மருந்தைக் கொடுத்தனர். பலவற்றில் சீனி வழமைக்குத் திரும்பி நீண்டகாலம் நிலைத்தது. இதை அவர்கள் 1994இல் வெளியிட்டனர்.

ஆனால் எலியின் சிடி3இல் ஒட்டும் அந்த மருந்து மனிதருடையதில் ஒட்டாது. மனிதருக்கென வேறொன்று வேண்டும். அப்படி வந்த டெப்லிசுமாப் 2022 நவம்பரில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எலிக்கும் மனிதருக்கும் இடையில் 28 ஆண்டுகள்! அதுவும் நோயை மாற்றுவதில்லை. நோய் வெளிப்படுமுன் கொடுத்தால், சராசரியாக இரண்டு ஆண்டுகளளவு பின்தள்ளுகிறது.

எலி ஆராய்ச்சியை நாம் குறைத்துப் பேசவில்லை. அது இல்லாமல் இந்த மருந்தும் இல்லை. ஆனால் செய்தியை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாட்களிலேயே பிள்ளையின் உயிருக்கு ஆபத்து.

பெற்றோரே, பிள்ளை அடிக்கடி தண்ணீர் கேட்டால், மீண்டும் படுக்கையை நனைத்தால், காரணமின்றி மெலிந்தால், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். அத்துடன் வாந்தியோ மூச்சுவாங்கலோ இருந்தால் உடனே 15ஐ அழையுங்கள். நம்பிக்கையோடு காத்திருப்போம்; ஊசியோடும் காத்திருப்போம்.