40 ஜிபி-க்கு பஸ் டிக்கெட் எடுங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் பண்ற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். உங்க விர்ச்சுவல் மெஷினோட டிஸ்க் இமேஜை லேப் சர்வருக்குக் கொண்டு போகணும்னா, ராத்திரி அப்லோடு போட்டுட்டுத் தூங்கப் போகாதீங்க. ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி, கையில எடுத்துட்டு வாங்க.

கிளவுட் காலத்துல ஹார்ட் டிஸ்க்கானு சிரிக்கிறவங்க கணக்கைப் பாருங்க. என் வீடு எட்டயபுரத்துல. அங்கே அப்லோடு வேகம் நல்ல நாளில் 5 எம்பிபிஎஸ். எங்க இமேஜ் 40 ஜிபி, அதாவது 3,20,000 மெகாபிட். 5-ஆல வகுத்தா 64,000 விநாடி, கிட்டத்தட்ட 18 மணி நேரம். நடுவுல கரண்ட் போகாம இருந்தா! அதே ஃபைல் யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்ல ஏற ஏழு நிமிஷம், கோவில்பட்டி பஸ் அரை மணி நேரம், சர்வர்ல இறக்க இன்னொரு ஏழு நிமிஷம். பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சாலும் ஒரு மணி நேரத்துல வேலை முடிஞ்சிரும்.

இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்லை. 2019 ஏப்ரலில் வெளியான கருந்துளையின் முதல் படம் ஞாபகம் இருக்கா? 2017-ல உலகத்தின் பல மூலைகளில் இருந்த தொலைநோக்கிகள் பதிவு செய்த டேட்டா நெட்டுல போகலை. ஹார்ட் டிஸ்க்குகளா விமானத்துல போச்சு. தென் துருவத்து டிஸ்க்குகள் அங்கே குளிர்காலம் முடிஞ்சு விமானம் வர்ற வரைக்கும் மாசக்கணக்கில் காத்துக் கிடந்தன. நம்ம அட்டெண்டன்ஸ் ஆப் அதைவிடப் பெரிசா என்ன?

இவ்வளவு சொல்ற நான் செஞ்சது என்ன தெரியுமா? ரெண்டாவது ரிவ்யூவுக்கு முந்தின நாள் எஸ்சிபி-ல அப்லோடு போட்டேன். 31 ஜிபி-ல லைன் அறுந்துபோச்சு. பாதி ஃபைல் அதே பேரோட சர்வர்ல கிடந்தது. காலையில பேரைப் பார்த்தோம், சைஸைப் பார்க்கலை. லாகின் ஸ்க்ரீன் வந்தது, டேட்டாபேஸ் எழும்பவே இல்லை. மூணு மாச வேலையை "நாளைக்குக் காட்டுறோம் சார்"னு ஒரு வரியில முடிச்சோம். தப்பு என்னோடது, மார்க் குறைஞ்சது நாலு பேருக்கும். இன்னமும் அவங்க முகத்தைப் பார்த்து இதைப் பேச முடியலை.

அதனால பஸ்ஸோ நெட்டோ, எதுல வந்தாலும் ரெண்டு பக்கமும் ஷா-256 போட்டுப் பாருங்க. ரெண்டு எண்ணும் ஒண்ணா இருந்தாதான் ஃபைல் வந்து சேர்ந்ததா அர்த்தம். அதுவும் போதாது. மெஷின் ஓடிக்கிட்டு இருக்கும்போதே காப்பி எடுத்திருந்தா, எண் சரியா இருக்கும், உள்ளே இருக்கிற ஃபைல் சிஸ்டம் அரைகுறையா இருக்கும். ஷட்டவுன் பண்ணிட்டு எடுங்க. ஸ்னாப்ஷாட் போட்டவங்க, மேலே இருக்கிற சின்ன ஃபைலை மட்டும் தூக்கிட்டு வராதீங்க. அடியில இருக்கிற பேஸ் இமேஜ் இல்லாம அது எழும்பாது. ஹார்ட் டிஸ்க் ஃபேட்32-ல இருந்தா 4 ஜிபி-க்கு மேல ஒரு ஃபைலை ஏத்தவே விடாது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாத்துங்க. கடைசியா சர்வர்ல ஒரு தடவை பூட் பண்ணிப் பார்த்துட்டு வீட்டுக்குப் போங்க.

நெட்தான் ஒரே வழின்னா முதல்ல இமேஜைச் சுருக்குங்க. 60 ஜிபி-னு காட்டுற ரா இமேஜ்ல உண்மையான சரக்கு 12 ஜிபி-தான் இருக்கலாம்; எஸ்சிபி மிச்சத்தையும் பூஜ்ஜியம் பூஜ்ஜியமா அனுப்பிக்கிட்டே இருக்கும். கியூஎமு-இமேஜ் கன்வெர்ட் போட்டு 8 ஜிபி-க்கு வந்தா, மூணரை மணி நேரம்தான். ஆர்சிங்க்ல பார்ஷியல் ஆப்ஷனோட அனுப்பினா, லைன் அறுந்தாலும் மறுபடி முதல்ல இருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

லேப்காரங்ககிட்டயும் ஒண்ணு கேக்கணும். வைரஸுக்குப் பயந்து எல்லா மெஷின்லயும் யூஎஸ்பி-யை அடைச்சு வச்சிருக்கீங்க. பயம் நியாயமானதுதான். ஆனா ஒரே ஒரு மெஷின்லயாவது திறந்து விடுங்க, ஸ்கேன் பண்ணி லேன்ல அனுப்பிக்கிறோம். இப்போ ஹார்ட் டிஸ்க்கோட வந்து வாசல்ல நிக்கிறவன், திரும்பவும் ஹாஸ்டல் வைஃபைக்குத்தான் போறான்.

ஃபைனல் ரிவ்யூவுக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வந்துருங்க. ஹார்ட் டிஸ்க்கை மடியில வச்சுக்கோங்க. மேல ரேக்ல போட்டுட்டு மறந்து இறங்கினவங்க எங்க ஊர் பஸ்ல நிறைய பேர்.