பூட்டத் தெரிந்த கைகள்

ஆயுத பூஜையன்று நம் வீடுகளில் ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். வாசலில் நிற்கும் காருக்கு மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்குகிறோம். விஜயதசமி முடிந்ததும் அந்த ஸ்பேனர் பெட்டிக்குள் போய்விடும். இடையில் பிள்ளைகள் யாராவது அதை எடுத்தால், "கையெல்லாம் கிரீஸ் ஆகும், போய்ப் படி" என்று விரட்டுகிறோம். கும்பிடத் தகுந்த பொருள் தொடத் தகாததாக எப்போது ஆயிற்று?

ஜீடிமெட்லா பக்கம் வாழும் தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்தத் தொழிற்பேட்டைக்கும் பாலாநகர், சனத்நகர் பகுதிகளுக்கும் நம்மவர்கள் பலரை அழைத்து வந்தது பிட்டர், டர்னர், டூல் மேக்கர் என்ற கைத்தொழில்தான். எச்.எம்.டி., ஆல்வின் போன்ற ஆலைகளும், 1968-இல் பாலாநகரில் தொடங்கிய மத்தியக் கருவி வடிவமைப்பு நிலையமும் இந்தப் பகுதிக்கே ஒரு கைப்பழக்கத்தைக் கொடுத்தவை. அந்தத் தலைமுறை ஓய்வு பெற்றுவிட்டது. பிள்ளைகள் ஹைடெக் சிட்டிக்குப் போகிறார்கள். போகட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் தாத்தாவின் மைக்ரோமீட்டரைப் பேரன் படிக்கத் தெரியாமல் நிற்பது வருத்தத்துக்கு உரியதல்லவா?

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் வீட்டில் பழைய கார் ஒன்று இருந்து, அதன் என்ஜினும் கியர் பாக்ஸும் ஓவர்ஹாலுக்காகக் கீழே இறங்க நேர்ந்தால், திரும்ப ஏற்றிப் பூட்டும் வேலையை ஒரு முறையாவது வீட்டிலேயே செய்யுங்கள். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். ரீபோர், கிராங்க் கிரைண்டிங் போன்றவை பட்டறையில் செய்ய வேண்டியவை, அதில் மறுபேச்சில்லை. பூட்டும் வேலை வீட்டுக்கு வரட்டும்.

கழற்றுவதை யாரும் செய்துவிடலாம். பூட்டுவதற்குத்தான் வரிசையும் பொறுமையும் வேண்டும். இதற்கு நம்மிடையே பெரிய சான்று ஜி.டி.நாயுடு. 1893-இல் கோவையை அடுத்த கலங்கலில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு அதிகமில்லை. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அந்த வண்டியையே வாங்கி, பாகம் பாகமாகப் பிரித்து மறுபடி பூட்டிக் கற்றவர். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டவர். 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையின் புதிய மேம்பாலத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழும் பேசிய மரபில் வந்தவர் என்பதால், ஐதராபாத் தமிழர்களான நமக்கு அவர் இரட்டை உறவு.

பழைய கார்கள் இந்த வேலைக்கு இடம் கொடுக்கும் வகையில் அமைந்தவை. 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து முன்புறமாக முழுவதும் கவிழும். என்ஜினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம். கியர் பாக்ஸை, முன் இருக்கைகளையும் நடுவிலுள்ள மூடியையும் கழற்றிவிட்டு, காருக்குள்ளிருந்தே வெளியே எடுக்கலாம். அம்பாஸிடரிலும் ஃபியட்டிலும் உழைப்பு சற்றுக் கூடும். ஆனாலும் எது எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.

இந்த வேலை என்ன கற்றுத் தருகிறது? மூன்றே இடங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, கிளட்ச் பிளேட். பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே அது நட்டநடுவில் நிற்க வேண்டும். நூலளவு தள்ளி நின்றாலும் கியர் பாக்ஸின் இன்புட் ஷாப்ட் உள்ளே போகாது. பழைய ஷாப்ட் ஒன்றையோ, அதே அளவுக்குக் கடைந்த மரத்துண்டையோ செருகி நடுப்படுத்திய பிறகு, போல்ட்களை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். அந்த மரத்துண்டைக் கடைந்து கொடுக்க நம் வீடுகளில் ஒரு டர்னர் தாத்தா இல்லாமலா போவார்?

இரண்டாவது, கடைசி அரை அங்குலம். என்ஜினும் கியர் பாக்ஸும் ஏறக்குறையச் சேர்ந்துவிட்ட நிலையில் கொஞ்சம் இடைவெளி மிச்சமிருக்கும். போல்ட்டைப் போட்டு முறுக்கி இழுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். இழுத்தால் பெல் ஹவுசிங்கின் காது உடையும். கியர் பாக்ஸின் பாரத்தை ஷாப்ட்டின் மேல் தொங்கவிட்டால் கிளட்ச் பிளேட் கோணிப்போகும். பாரத்தைத் தாங்கிக்கொண்டு, கியரில் போட்டு, கிராங்க்கைச் சற்றே திருப்பினால் பற்கள் பற்களோடு பொருந்தித் தானாக உள்ளே வரும். வராவிட்டால் பின்னுக்கு எடுத்து ஏன் என்று பார்க்க வேண்டும். பலவந்தம் உதவாது என்பதை ஒரு பிள்ளை கையாலேயே உணர்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, எர்த் ஒயர். என்ஜின் ரப்பர் மவுண்டிங்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் மின்சாரம் பாயாது. பாடிக்கும் என்ஜினுக்கும் நடுவே போகும் தடித்த எர்த் பட்டையை மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரம் சோக் கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் பாதை தேடும். மெல்லிய கேபிள் சூடேறிக் கருகும். பள்ளியில் 'மின்சுற்று' என்று எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு அதன் பொருள் இங்கேதான் விளங்கும். அதுபோலவே ஆயில் ஊற்றியவுடன் என்ஜினைக் கிளப்பக் கூடாது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றி, உள்ளே எண்ணெய் ஏறிய பிறகே கிளப்ப வேண்டும்.

"வீட்டில் இது ஆபத்தில்லையா?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயம். கவனக்குறைவாகச் செய்தால் ஆபத்துத்தான். ஆகவே சில நிபந்தனைகள். கார் ஜாக்கியில் மட்டும் நிற்கும்போது ஒருவரும் அடியில் போகக் கூடாது. ஸ்டாண்டு வைத்தாக வேண்டும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைக் கூரையில் உள்ள மின்விசிறிக் கொக்கியிலோ ஊஞ்சல் கொக்கியிலோ தொங்கவிடக் கூடாது. உறுதியான முக்காலியும் செயின் பிளாக்கும் வேண்டும். பாரம் மேலே இருக்கும் நேரத்தில் பிள்ளைகள் எட்டி நிற்க வேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. இங்கே ஓடும் கால்வாய் நீர் குகட்பள்ளி நாலா வழியாக ஹுசைன் சாகர் வரை போகிறது. ஆலைக் கழிவால் அது பட்டபாடு போதும். டப்பாவில் சேர்த்துப் பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். வேறு என்ஜின் மாற்றினால் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

"மெக்கானிக்கின் பிழைப்பைக் கெடுப்பதா?" என்று இன்னொரு கேள்வி. வேண்டாம். அவரையே வீட்டுக்கு அழையுங்கள். ஒரு நாள் கூலியை முழுதாகக் கொடுங்கள். அவர் ஸ்பேனரைப் 'பானா' என்பார்; நம் பிள்ளைகள் அந்தச் சொல்லையும் கற்றுக்கொள்ளட்டும். கடைக்கு வெளியே கைகட்டி நின்று பில்லை மட்டும் வாங்கி வருவதைவிட, அவர் அருகில் உட்கார்ந்து வேலையைப் பார்ப்பது அவருக்குச் செய்யும் மரியாதை.

இன்றைய புதிய கார்களில் இது நடக்காது என்பதும் உண்மை. 2020 ஏப்ரல் முதல் விற்கும் பி.எஸ். 6 வண்டிகளில் சென்சாரும் கணினியும் நிறைந்திருக்கின்றன. அவற்றைத் தெரிந்தவர்களிடம் விடுவதே அறிவு. அதனால்தான் கையில் இருக்கும் பழைய வண்டிகளைப் பள்ளிக்கூடமாகப் பயன்படுத்தச் சொல்கிறேன். அம்பாஸிடர் உற்பத்தி 2014-இல் நின்றது. ஹெரால்டு அதற்கும் வெகுகாலம் முன்பே போயிற்று. பழைய இரும்புக்குப் போய்ச் சேருமுன் அவற்றிடம் கற்க வேண்டியதைக் கற்றுக்கொள்வோம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிளட்ச் பிளேட்டை நடுப்படுத்தும் நுட்பத்துக்கு ஆண் கை, பெண் கை என்ற பேதம் கிடையாது.

அடுக்குமாடியில் இடமேது, கருவிக்குப் பணமேது என்பவர்களுக்காகச் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். செயின் பிளாக் ஒன்று, முக்காலி ஒன்று, நான்கு ஸ்டாண்டு, ஒரு டார்க் ரிஞ்ச்: இவற்றைப் பொதுவில் வாங்கி வைப்போம். தேவைப்படும் குடும்பம் எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். நம் பிள்ளைகள் தமிழை மறந்துவிடக் கூடாது என்று கவலைப்படுகிறோம், வகுப்பு வைக்கிறோம். இந்த ஊரில் நமக்குச் சோறு போட்ட தொழிலும் மறந்துபோகக் கூடாதல்லவா? ஓய்வு பெற்ற பிட்டர்களும் டர்னர்களும் நம்மிடையே இன்னும் நலமாக இருக்கிறார்கள். அவர்கள் சொல்லித்தரத் தயாராக இருக்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். கருவி உள்ளவர்களும் நேரம் உள்ளவர்களும், கழற்றிப் போட்ட கார் உள்ளவர்களும், அடுத்த கூட்டத்தில் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.