கழுவிட்டேன்

"தம்பி, நான் காலையிலேயே பாத்ரூம் கழுவிட்டேன். குழாய் ஒழுகி மறுபடி சேறாயிடுச்சு. இதை அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

காலாப்பட்டில் ஒரு தனியார் மகளிர் விடுதியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்கா கேட்ட கேள்வி இது. 1985இல் மத்தியப் பல்கலைக்கழகம் வந்ததிலிருந்து எங்கள் ஊரில் எல்லா மாநிலத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். விடுதி வார்டனுக்குத் தமிழ் தெரியாது. அக்கா "ஐ வாஷ், ஐ வாஷ்" என்றிருக்கிறார். இனிமேல்தான் கழுவப்போகிறார் என்று வார்டன் எடுத்துக்கொண்டார். அரை நாள் கூலி போச்சு.

அப்போதுதான் நான் பெரியவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பயிற்சியை முடித்திருந்தேன். எந்தச் சான்றிதழ், எந்த மையம் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். ஐடி சம்பளம் இருந்தது, ஒரு மாதம் லீவு போட்டேன், முடித்தேன். பயிற்சி வகுப்பில் என் முன்னால் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் தமிழர்கள். 'ஹேவ் வாஷ்ட்' என்பதை விளக்க ஒரே ஒருமுறை 'கழுவிட்டேன்' என்றேன். மதிப்பீட்டுத் தாளில் அது குறையாக ஏறியது. பலகையில் காலக்கோடு வரைந்து, ஒரு புள்ளி வைத்து, 'வேலை முடிந்ததா? எப்போது என்று தெரியுமா?' என்று ஆங்கிலத்திலேயே கேட்டிருக்க வேண்டுமாம். பதினைந்து நிமிட வேலை.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வருகிறது? இன்று உலகம் முழுக்க மதிப்புள்ள செல்டா சான்றிதழின் மூலம், 1962இல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட் தொடங்கிய ஒரு குறுகிய காலப் பயிற்சி. பல நாட்டவர் கலந்து உட்காரும் வகுப்பில் ஆசிரியருக்கு அத்தனை பேருடைய மொழியும் தெரிய வழியில்லை. ஆங்கிலத்திலேயே சமாளித்தாக வேண்டும். அங்கே அது வேறு வழியில்லாமல் செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு உகாண்டாவின் மக்கெரெரேயில் நடந்த காமன்வெல்த் மாநாட்டின் கொள்கைகளை ஆராய்ந்த ராபர்ட் பிலிப்சன், ஆங்கிலத்தை ஆங்கிலம் வழியாக மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பதும் ஒரு பொய் நம்பிக்கை என்று 1992இல் எழுதினார். யாழ்ப்பாண வகுப்பறைகளை முன்வைத்து சுரேஷ் கனகராஜா 1999இல் ஒரு புத்தகமே போட்டார். ஆனாலும் தமிழர்கள் மட்டுமே இருக்கிற அறையில் தமிழை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்கிறோம்.

உடனே "இங்கிலீஷ் தெரிஞ்சாப் போதாதா, பயிற்சி எதுக்கு?" என்று கிளம்புவார்கள். அவர்களோடும் எனக்குச் சண்டைதான். செல்டாவின் 120 மணி நேரத்தில் ஆறு மணி நேரம் நிஜ மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டும்; ஒருவர் பின்னால் உட்கார்ந்து கவனிப்பார். அந்த மாதிரி ஒருவர் கவனித்ததால்தான், நாற்பது நிமிட வகுப்பில் முப்பது நிமிடம் நானே பேசுகிறேன் என்பது எனக்குத் தெரிந்தது. முப்பது நாள் ஸ்போக்கன் இங்கிலீஷ் போஸ்டருக்குப் பின்னால் இருப்பவரை யார் அப்படிக் கவனித்தார்கள்? பி.எட். பள்ளிப் பிள்ளைகளுக்கானது. கூலி வேலை முடித்து வந்து உட்காரும் நாற்பத்தாறு வயதுக்காரருக்குக் கற்பிப்பதை அதில் தேட முடியாது.

கவனிக்கிறவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. 'கழுவினேன்' 'வாஷ்ட்' என்றும், 'கழுவிட்டேன்' 'ஹேவ் வாஷ்ட்' என்றும் சொன்னால் ஐந்து நொடியில் முக்கால்வாசி புரிந்துவிடும். மிச்சக் கால்வாசியில்தான் வில்லங்கம். தமிழில் 'நேத்தே கழுவிட்டேன்' சரி. ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் வாஷ்ட் இட் எஸ்டர்டே' தப்பு. பத்து வருடம் அலுவலகக் கூட்டங்களில் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் இட் எஸ்டர்டே' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான். தப்பு என் தமிழிலிருந்து வந்தது. தமிழைத் தொடாமல் அதை எப்படிப் பிடுங்குவது?

இதையெல்லாம் யோசிக்க லண்டன்தான் வேண்டும் என்றும் இல்லை. 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் நமக்குப் பக்கத்துக் கடலூரிலும் பள்ளி வகுப்புகளில் ஒரு சோதனை செய்தார். இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் அட்டவணை, வரைபடம் என்று ஒரு புதிரைக் கொடுப்பார்கள். அதை அவிழ்க்கிற போக்கில் ஆங்கிலம் வரட்டும் என்று விடுவார்கள். செயல்வழி மொழிக் கற்பித்தல் பற்றி எந்த நாட்டில் பேசினாலும் அந்தச் சோதனை வந்துவிடும். அது குழந்தைகளுக்கானது, நிஜம். பெரியவர்களுக்கு நாம் என்ன செய்தோம்?

காலாப்பட்டில் ஒரு மாலை நேரப் பயிற்சி வேண்டும். அதே 120 மணி நேரம், அதே ஆறு மணி நேரக் கண்காணிப்பு. மாணவர்களாகத் துப்புரவு அக்காக்கள், செக்யூரிட்டிகள், மீன் விற்கிற அம்மாக்கள். முத்திரை உள்ளூர் முத்திரையாக இருக்கட்டும். "அதை வச்சு வியட்நாமில் வேலை கிடைக்குமா?" என்றால், கிடைக்காது. வியட்நாம் போகிறவர்கள் செல்டாவே படிக்கட்டும்.

அக்கா இரண்டு வாக்கியம் கற்றுக்கொண்டு போனார்: "ஐ வாஷ்ட் இட் இன் த மார்னிங். த டேப் இஸ் லீக்கிங்." பிளம்பர் வந்தார். அரை நாள் கூலி வரவில்லை.

இப்போது ஞாயிறு சாயங்காலம் நாலு பேர் சேர்ந்து வருகிறார்கள். அதில் ஒருவர் கேட் செக்யூரிட்டி. 'ஷோ ஐடி கார்டு' என்று சொல்லி ஒரு பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

"காட்டு இல்ல தம்பி, காட்டுங்க. இந்த 'ங்க'வுக்கு இங்கிலீஷ்ல என்ன?"