நிறம், சுவை, வாடை போதுமா?

“கிணற்றில் குல்லத்தைனுக்கு மேல் நீருண்டு, நிறம், சுவை, வாடை மாறவில்லை, பின் பரிசோதனை எதற்கு?” என்போர் நம்மிடையே உளர். அன்பர்களே! அவ்வளவுகோல் ஒளுவின் தூய்மைக்குரியது, குடிப்போர் உடல்நலத்துக்குரியதன்று. ஆர்சனிக் இம்மூன்றையும் மாற்றாமலே நஞ்சாகும்.

முத்துக் குளித்த நம் தூத்துக்குடிக் கரையில் தாமிர உருக்காலை சுற்றுச்சூழலை மாசுபடுத்தியதென 2013இல் உச்ச நீதிமன்றமே 100 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. அதன் பின்னுமா நாக்கையும் மூக்கையும் நம்பியிருப்பது?

சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978இல், அம்மூன்றும் பழைய நிலைக்கு மீளச் சுத்திகரித்த கழிவுநீர் தூய்மையானதே என்றது. ஆயினும் உடலுக்குத் தீங்கெனில், நஜீஸ் என்பதற்காகவன்று, உயிர் காக்கவே பருகலாகாதென்றும் உரைத்தது.

ஃபிக்ஹைக் கேடயமாக்கிச் சோம்பியிராமல், ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் கிணற்றுநீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, முடிவைப் பள்ளிவாசல் பலகையில் எழுதட்டும்!