குறைவல்ல, மாற்றம்

புற்றுநோய் என்றாலே ‘எதிர்ப்பு சக்தி குறைந்துவிட்டது’ என்று சொல்லி, அதைக் கூட்டப் பொடியும் கஷாயமும் விற்கிறார்கள். பல கட்டிகளுக்குள் நடப்பது வேறு. எதிர்ப்பு வேலையைச் செய்யும் டி செல்கள் அங்கே ஏராளமாகப் புகுந்திருந்தும் சண்டையிடுவதில்லை. கட்டியின் ஆன்டிஜென் (டி செல்கள் அடையாளம் காணும் பொருள்) ஓயாமல் தூண்டத் தூண்ட, அவற்றில் டாக்ஸ் என்ற புரதம் மிகுந்து, எந்த மரபணு இயங்க வேண்டும் என்பதையே மாற்றிவிடுகிறது. பிடி-1 என்ற தடைப் புரதம் மேற்பரப்பில் நிலைத்துவிடுகிறது. சண்டைக்கு உதவும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தின் சுரப்பு சுருங்குகிறது. ஓயாத தூண்டுதலால் வந்த தளர்ச்சிக்கு மேலும் தூண்டுவதா மருந்து? (கஷாயத்துக்கு அந்த வல்லமையும் இல்லை என்பது வேறு கதை.)

1992இல் கியோட்டோவில் ஜப்பானிய விஞ்ஞானி ஹோன்ஜோவின் ஆய்வகம் கண்டறிந்த இந்த பிடி-1ஐ மறிக்கும் மருந்துகள் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொண்ட நோயாளிகள் பலரின் ஆயுளை நீட்டியிருக்கின்றன. தடையை நீக்கினால் போதுமென்றால், ஏன் பலருக்குப் பலிப்பதில்லை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டி செல்களே நுழையாத கட்டிகளும் உண்டு. இன்னொரு முக்கியமான காரணம், முற்றத் தளர்ந்த செல்லில் டிஎன்ஏ பொதிந்திருக்கும் விதமே மாறிப்போவது. தடையை எடுத்தாலும் அது பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்புவதில்லை. மருந்துக்கு எழுந்து பெருகுபவை பெரும்பாலும் டிசிஎஃப்-1 புரதத்தை இன்னும் இழக்காத செல்கள்தான்.